சூரியன் மறைந்தால் பூமிக்கு எப்போது தெரியும்? ஈர்ப்பு பயணிக்கும் வேகம் பற்றி ஒரு கேள்வி

பொன்வண்டு

வணக்கம். என் மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். நேற்று நியூட்டனின் ஈர்ப்பு விதியைப் படித்துவிட்டு நேராக அடுப்படிக்கு வந்தாள். "அம்மா, இந்தச் சூத்திரத்துல நிறை இருக்கு, தூரம் இருக்கு, நேரமே இல்லையே. அப்போ சூரியனை யாராவது எடுத்துட்டா பூமிக்கு அந்த நொடியே தெரிஞ்சிடுமா?" என்று கேட்டாள்.

நான் வணிகவியல் படித்தவள். சூரிய ஒளி வந்து சேர 8 நிமிடம் 20 விநாடி ஆகும் என்பது மட்டும் தெரியும். ஈர்ப்புக்கும் அதே கணக்கா? செய்திகளில் வந்த 'ஈர்ப்பு அலை' என்பதும் இதுவும் ஒன்றா, வேறா? அவளுக்கு நான்தான் சொல்லித்தர வேண்டும். அதற்கு முன் எனக்கு ஒழுங்காகப் புரிய வேண்டும். தெரிந்தவர்கள் பொறுமையாக எழுதுங்கள்.

கரும்பலகை

உங்கள் மகள் கவனித்தது சாதாரண விஷயம் இல்லை அம்மா. சூத்திரத்தில் நேரம் இல்லை என்பது நியூட்டனையே உறுத்திய குறை. ஒரு பொருள் நடுவில் எதுவுமே இல்லாமல் தொலைவிலுள்ள இன்னொரு பொருளை இழுக்கிறது என்பது தனக்கே அபத்தமாகப் படுகிறது என்று, ரிச்சர்ட் பென்ட்லி என்ற பாதிரியாருக்கு எழுதிய கடிதத்தில் அவரே சொல்லியிருக்கிறார். கணக்கு சரியாக வந்தது, காரணம் பிடிபடவில்லை. அதற்கு விடை கிடைக்க 1915-இல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் (நிறை தன்னைச் சுற்றியுள்ள வெளியையும் காலத்தையும் வளைப்பதுதான் ஈர்ப்பு என்ற கொள்கை) வர வேண்டியிருந்தது.

சுருக்கமான பதில்: ஆமாம், அதே 8 நிமிடம் 20 விநாடிதான். ஈர்ப்பில் ஏற்படும் மாற்றம் ஒளியின் வேகத்தில் பரவுகிறது. ஆனால் இந்த இடத்தில் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்கச் சொல்லிக்கொடுங்கள். இல்லாவிட்டால் பின்னால் எல்லாமே குழம்பும்.

தேர் வடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஊரே பிடித்து இழுக்கும்போது வடம் முழுக்க விறைப்பாக இருக்கும். கடைசியில் பிடித்திருப்பவர் கையில் உள்ள விறைப்பு ஏற்கெனவே அங்கே இருக்கிறது. அது ஒவ்வொரு நொடியும் முன்னாலிருந்து கிளம்பி வருவதில்லை. முன்னால் இருப்பவர்கள் வெடுக்கென்று ஒரு இழுப்பு இழுத்தால், அந்த இழுப்பு மட்டும் வடத்தின் வழியாக ஓடி வந்து கடைசி ஆளைத் தொடும். அதற்குக் கொஞ்சம் நேரம் ஆகும்.

சூரியனின் ஈர்ப்புப் புலம் அந்த விறைப்பு மாதிரி. 460 கோடி ஆண்டுகளாகச் சூரியன் இருக்கிறது, புலமும் விரிந்து கிடக்கிறது. பூமி தான் இருக்கும் இடத்திலுள்ள புலத்தைத்தான் உணர்கிறது. அந்தப் புலத்தில் ஒரு மாற்றம் வந்தால், அந்த மாற்றம்தான் பயணம் செய்யும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சூரியன் 'திடீரென்று இல்லாமல் போவதை' ஐன்ஸ்டைனின் சமன்பாடுகள் அனுமதிப்பதே இல்லை. நிறையும் ஆற்றலும் அழியாது என்பது அவற்றுக்குள்ளேயே இருக்கிறது. வெடித்துச் சிதறலாம், நகரலாம், மாயமாக முடியாது. அதனால் கேள்வியை இப்படி மாற்றிக்கொள்ளலாம்: ஒரு பெரிய நிறை ஆடினால், அந்த ஆட்டம் வெளியே எப்படித் தெரியும்?

எல்லா ஆட்டமும் வெளியே தெரியாது. ஒரு விண்மீன் பலூன் மாதிரி எல்லாப் பக்கமும் ஒரே சீராக உப்பிச் சுருங்கினால் வெளியே ஒரு அலையும் வராது, ஏனென்றால் மொத்த நிறை மாறவில்லை. தனிப் பொருள் தானாக முன்னும் பின்னும் ஆடவும் முடியாது, உந்தம் காக்கப்பட வேண்டும். மிஞ்சுவது வடிவ மாற்றம். இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று சுற்றும்போது பக்கத்திலிருந்து பார்த்தால் அந்த அமைப்பு நீண்டும் குறுகியும் தெரியுமல்லவா? அந்த மாதிரி ஆட்டம்தான் ஈர்ப்பு அலையைக் கிளப்புகிறது. பூமி சூரியனைச் சுற்றுவதாலும் கிளம்புகிறது. அதன் அளவு சுமார் 200 வாட். வீட்டு மிக்ஸி எடுப்பதைவிடக் குறைவு.

தறிநாடா

ஐயா, நல்ல விளக்கம். ஆனால் எனக்கு ஒரு இடத்தில் முட்டுகிறது. நான் நூற்பாலையில் பராமரிப்பு வேலை செய்கிறேன். ராத்திரி நேரத்தில் கணினியில் கோள்களின் பாதையைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது பழக்கம்.

பூமி விநாடிக்கு சுமார் 30 கிலோமீட்டர் ஓடுகிறது. 500 விநாடியில் 15,000 கிலோமீட்டர், அதாவது தன் விட்டத்தைவிட அதிகம் நகர்ந்துவிடுகிறது. இந்த ஓட்டத்தால் சூரிய ஒளி நமக்கு 20 விகலை (ஒரு விகலை என்பது ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு) சாய்ந்து வருகிறது. ஓடும்போது மழை முகத்தில் சாய்ந்து அடிப்பது போல. ஈர்ப்பும் அதே வேகத்தில்தான் வருகிறது என்றால் அதுவும் 20 விகலை சாய்ந்துதானே வர வேண்டும்? அப்படியே போட்டேன். பூமியை அந்தச் சாய்வு கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் தள்ளுகிறது. சுமார் 1200 ஆண்டில் சூரியனிலிருந்து இரண்டு மடங்கு தூரம் போய்விடுகிறது! சங்க காலத்திலிருந்து இன்றுவரை அதைவிட அதிக காலம் ஆகிவிட்டதே. பூமி இங்கேதானே இருக்கிறது. சாய்வை எடுத்துவிட்டு, 'உடனே இழுக்கிறது' என்று போட்டால் பாதை அழகாக மூடுகிறது. அப்போ நியூட்டன் சரியா?

கரும்பலகை

தம்பி, இதே கணக்கைப் போட்டவர் பிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்லாஸ். 200 ஆண்டுகளுக்கு முன் சந்திரனின் ஓட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டு, ஈர்ப்புக்கு வேகம் என்று ஒன்று இருந்தால் அது ஒளியைவிட 70 லட்சம் மடங்காவது இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார். கணக்கில் தப்பு இல்லை. எடுத்துக்கொண்ட அனுமானத்தில்தான் தப்பு.

சூரியனில் நின்று பாருங்கள். சூரியன் அசையவில்லை. சுற்றிலும் புலம் அசையாமல் கிடக்கிறது, எல்லா இடத்திலும் நேராகச் சூரியனை நோக்கி. பூமி அதற்குள்ளே ஓடுகிறது. எந்த இடத்துக்கு வந்தாலும் அங்கே ஏற்கெனவே இருக்கிற புலம் அதைப் பிடித்து இழுக்கிறது. எதுவும் கிளம்பி வர வேண்டிய தேவையே இல்லை. பிறகு சாய்வு எங்கிருந்து வரும்? ஒளி நிஜமாகவே சூரியனிலிருந்து கிளம்பி ஓடிவரும் ஒன்று, அதனால் மழை மாதிரி சாய்கிறது. நிலையான புலம் மழை இல்லை.

இப்போது பூமியில் நின்று பாருங்கள். சூரியன் நகர்கிறது. அதன் புலமும் கூடவே நகர்கிறது. சீரான வேகத்தில் போகும் ஒரு பொருளின் புலம், அந்தப் பொருள் *இப்போது* இருக்கும் இடத்தையே காட்டும். பழைய செய்திதான் வந்திருக்கிறது, ஆனால் அந்தச் செய்தியில் இடம் மட்டும் இல்லை, வேகமும் சேர்ந்தே இருக்கிறது. மின்னூட்டத்தின் புலமும் இப்படித்தான் நடந்துகொள்ளும் என்பதைக் கல்லூரி இயற்பியலில் நடத்துவார்கள். பொருள் திடீரென்று தன் போக்கை மாற்றினால் மட்டும், செய்தி போய்ச் சேரும்வரை தொலைவிலுள்ள புலம் 'அது அப்படியே போயிருந்தால் எங்கே இருக்கும்' என்ற இடத்தைக் காட்டிக்கொண்டிருக்கும்.

இரவுவானம்

சார் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன், ஏனென்றால் இந்த விஷயத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

தறிநாடா அண்ணா, சூரியனும் பூமியும் சீரான வேகத்தில் நேர்கோட்டில் போகவில்லை, வளைந்து சுற்றுகின்றன. அதனால் 'வேகமும் சேர்ந்த செய்தி' மட்டும் போதாதே என்று நீங்கள் அடுத்துக் கேட்பீர்கள். ஐன்ஸ்டைனின் ஈர்ப்பில் முடுக்கமும் அந்தச் செய்தியில் சேர்ந்துகொள்கிறது. நீங்கள் போட்ட சாய்வு, பொருளின் வேகத்தை ஒளிவேகத்தால் வகுத்தால் வரும் எண்ணின் அளவு, பூமிக்குப் பத்தாயிரத்தில் ஒன்று. அது முழுக்க அடிபட்டுப்போகிறது. அதற்கு அடுத்தடுத்த சிறிய பிழைகளும் அடிபட்டுப்போகின்றன. கடைசியில் அந்த எண்ணின் ஐந்தாம் அடுக்கு அளவில்தான் ஒரு மிச்சம் நிற்கிறது. அந்த மிச்சம் பூமியை முன்னால் தள்ளாது. பின்னால் இழுக்கும். அது என்ன தெரியுமா? ஈர்ப்பு அலையாக வெளியேறும் ஆற்றலின் இழப்பு. சார் சொன்ன அந்த 200 வாட்.

அதாவது ஈர்ப்புக்கு ஒரு வேகம் இருப்பதன் விலை, சாய்வாக வராமல், அலையாக வெளியே போகிறது. இதைப் புரிந்துகொண்ட அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

இந்த மிச்சத்தை அளந்தும் விட்டார்கள். 1974-இல் ஹல்ஸ், டெய்லர் இருவரும் போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ தொலைநோக்கியில் ஒரு பல்சாரைக் கண்டுபிடித்தார்கள். விநாடிக்கு 17 முறை சுழலும் நியூட்ரான் விண்மீன், அதாவது எரிந்து முடிந்து மிக அடர்த்தியாகச் சுருங்கிய விண்மீன். இன்னொரு நியூட்ரான் விண்மீனோடு சேர்ந்து 7 மணி 45 நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றுகிறது. அந்தச் சுற்றுக்காலம் ஆண்டுக்கு 76 மைக்ரோவிநாடி குறைகிறது. கேட்க ஒன்றுமில்லாதது போலத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் சேர்ந்துகொண்டே போய், 30 ஆண்டில் அது 40 விநாடி முந்திக்கொண்டது. ஐன்ஸ்டைனின் சமன்பாடு சொன்ன கோட்டின் மேலேயே புள்ளிகள் உட்கார்ந்தன. 1993-இல் நோபல் பரிசு.

தறிநாடா

நேற்று ராத்திரி வந்ததும் முதல் வேலையாக இதைப் போட்டுப் பார்த்தேன். சூரியனை நகரவிட்டு, பழைய இடத்தோடு பழைய வேகத்தையும் சேர்த்து 'இப்போது எங்கே இருக்கும்' என்று கணக்கிட வைத்தேன். பாதை விரியவில்லை. ஆயிரம் சுற்று ஓடியும் அப்படியே நிற்கிறது. இத்தனை நாள் 'தாமதம் என்றால் சாய்வு' என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். நன்றி தங்கச்சி, நன்றி ஐயா.

ஐயவினா

நான் நம்பாமல் கேட்கவில்லை, புரியாமல்தான் கேட்கிறேன். பல்சார் சரி, அது மறைமுகச் சான்று. ஆனால் 2015-இல் அமெரிக்காவில் அலையையே நேராகப் பிடித்தோம் என்கிறார்களே. அங்குள்ள லைகோ கருவியில், லேசர் ஒளி ஓடும் குழாயின் இரு முனைக் கண்ணாடிகளுக்கு நடுவிலுள்ள 4 கிலோமீட்டர் நீளம் புரோட்டானைவிடச் சிறிய அளவு மாறியதாம். கண்ணாடியில் உள்ள அணுக்களே அதைவிடப் பல ஆயிரம் மடங்கு நடுங்குமே? அதோடு, விண்வெளியே இழுபடும்போது ஒளியின் அலைநீளமும் சேர்ந்துதானே இழுபடும்? அளவுகோலும் துணியும் சேர்ந்து நீண்டால் எதை வைத்து அளப்பது?

இரவுவானம்

இரண்டுமே சரியான கேள்விகள். நான் சிக்னல் பகுப்பாய்வு வேலையில் இருக்கிறேன், லைகோ பொதுவில் வைத்திருக்கும் தரவை இறக்கி நானே வடிகட்டிப் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அணு நடுக்கம். லேசர் கற்றை ஒரு அணுவைத் தொட்டுப் பார்ப்பதில்லை. கண்ணாடியின் மேல் சில சென்டிமீட்டர் அகலத்துக்கு விழுகிறது. அங்கே எண்ண முடியாத அணுக்கள் ஆளுக்கொரு பக்கம் நடுங்குகின்றன, சராசரியில் அடிபட்டுப்போகின்றன. அளப்பது அந்த முழுப் பரப்பின் சராசரி இடத்தை. தெருவிலிருந்து வரும் அதிர்வைத் தடுக்க ஒவ்வொரு 40 கிலோ கண்ணாடியும் நான்கு அடுக்கு ஊசலில் தொங்குகிறது.

அடுத்தது ஒளியின் நீட்சி. குழாய்க்குள் ஏற்கெனவே இருக்கும் ஒளி நீளத்தான் செய்கிறது. ஆனால் அது அங்கேயே தங்குவதில்லை. 4 கிலோமீட்டர் போய்த் திரும்ப 27 மைக்ரோவிநாடி. சுமார் 300 முறை முன்னும் பின்னும் அடித்தாலும் சில மில்லிவிநாடியில் வெளியேறிவிடும். நாம் தேடும் அலை ஒருமுறை ஏறி இறங்க, 100 ஹெர்ட்ஸ் என்றால், 10 மில்லிவிநாடி. அதற்குள் பழைய ஒளி போய்ப் புதிய ஒளி வந்துகொண்டே இருக்கும், அதன் அதிர்வெண்ணைத் தீர்மானிப்பது லேசர். ஒளியை அளவுகோலாக நினைக்காதீர்கள், ஒரே வேகத்தில் ஓடும் ஓட்டக்காரராக நினையுங்கள். இரண்டு ஓட்டக்காரர்கள் இரண்டு செங்குத்தான பாதையில் ஓடித் திரும்புகிறார்கள். ஒரு பாதை நீண்டு மற்றது குறுகினால் ஒருவர் பிந்தி வருவார். அந்தப் பிந்தலைத்தான் லைகோ பார்க்கிறது.

2015 செப்டம்பர் 14, நம் நேரம் பிற்பகல் 3:20. முதலில் லூசியானாவின் லிவிங்ஸ்டன் கருவி, 6.9 மில்லிவிநாடி கழித்து 3000 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வாஷிங்டன் மாநிலத்து ஹான்ஃபோர்டு கருவி. இரண்டிலும் ஒரே வடிவம்: 35 ஹெர்ட்ஸில் தொடங்கி 250 வரை ஏறி, 0.2 விநாடியில் அடங்கியது. சூரியனைப் போல் 36 மடங்கும் 29 மடங்கும் நிறையுள்ள இரண்டு கருந்துளைகள், சுமார் 130 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் ஒன்றாகி 62 மடங்கு ஆனது. 36-உம் 29-உம் 65. மீதி மூன்று சூரியன்களின் நிறை முழுக்க ஈர்ப்பு அலையாகப் போய்விட்டது. உச்சத்தில் அதன் திறன், கண்ணுக்கு எட்டும் பிரபஞ்சத்திலுள்ள எல்லா விண்மீன்களின் ஒளியையும் சேர்த்தால் வருவதைவிட அதிகம். அது இங்கே வந்து சேர்ந்தபோது 4 கிலோமீட்டரைப் புரோட்டான் அகலத்தில் 400-இல் ஒரு பங்கு அசைத்தது.

அந்த அணியினரே முதலில் நம்பவில்லை. 2010-இல் அவர்களைச் சோதிக்க ஒரு பொய்ச் சிக்னலை ரகசியமாகக் கருவிக்குள் செலுத்தியிருந்தார்கள், கட்டுரையே எழுதி முடித்த பிறகுதான் உறையைப் பிரித்துச் சொன்னார்கள். 2015-இல் அப்படி எதுவும் செலுத்தப்படவில்லை என்று உறுதி செய்துகொண்டு, பல மாதம் சரிபார்த்துத்தான் 2016 பிப்ரவரி 11 அன்று அறிவித்தார்கள்.

சிக்னலின் கடைசியில் மணி அடித்து ஓய்வது போல ஒரு தேய்வு வரும். கருந்துளை அப்படி ஒலித்து அடங்கும் என்று 1970-இலேயே கணக்கிட்டுக் காட்டியவர் பெங்களூரின் சி. வி. விஷ்வேஷ்வரா. அதை நிஜமாகப் பார்த்துவிட்டுத்தான் 2017 ஜனவரியில் அவர் மறைந்தார். அந்த வரியை எழுதும்போதெல்லாம் மனசு நிறைகிறது.

இன்னும் சந்தேகம் இருந்தால் 2017 ஆகஸ்ட் 17-ஐப் பாருங்கள். இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதிய அலை வந்தது. 1.7 விநாடி கழித்து, லைகோவோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஃபெர்மி செயற்கைக்கோள் காமா கதிர் வெடிப்பைப் பார்த்தது. 13 கோடி ஆண்டுகள் சேர்ந்தே ஓடிவந்த இரண்டுக்கும் நடுவே 1.7 விநாடி! பொன்வண்டு அக்காவின் முதல் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. ஈர்ப்பின் வேகமும் ஒளியின் வேகமும் ஆயிரம் லட்சம் கோடியில் சில பங்குகூட மாறவில்லை.

ஐயவினா

ஓட்டக்காரர் விளக்கத்தில் தெளிந்தது. காமா கதிர் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. இனி மறுக்க ஒன்றுமில்லை.

கொட்டியாரம்

திருகோணமலையிலிருந்து எழுதுகிறேன். இந்த இழை முழுக்க வாசித்தேன், நல்லாய் விளங்கியது. எனக்கு வேறொரு கேள்வி. நிலநடுக்கத்தில் பெரும் பாறைத்தட்டுகள் இடம் மாறுகின்றன. அப்படியென்றால் பூமியின் ஈர்ப்பும் மாறத்தானே வேண்டும்? அந்த மாற்றம் ஒளியின் வேகத்தில் வருமென்றால், நில அதிர்வு வருவதற்கு முன்பே அது எங்களை வந்து சேருமா? 2004-இல் கடல் எங்கள் வீட்டுக்குள் வந்தது. அதனால்தான் கேட்கிறேன்.

கரும்பலகை

ஐயா, உங்கள் இழப்புக்கு முன்னால் இதை வெறும் பாடமாக எழுத மனம் வரவில்லை. ஆனாலும் நீங்கள் கேட்டது உண்மை. நிறை இடம் மாறியதும் ஈர்ப்பில் ஏற்படும் மாற்றம் ஒளியின் வேகத்தில் பரவுகிறது. நில அதிர்வின் முதல் அலையோ விநாடிக்கு எட்டுக் கிலோமீட்டர் அளவில்தான் வரும். 2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் வந்த பெரும் நிலநடுக்கத்தின் பதிவுகளைப் பிறகு ஆராய்ந்தபோது, அதிர்வலை வந்து சேருவதற்கு முன்பே மிக மெல்லிய ஈர்ப்பு மாற்றம் நிலநடுக்கமானிகளில் பதிவாகியிருப்பதைக் கண்டார்கள். இதை 'ஈர்ப்பு அலை' என்று சொல்லக்கூடாது, அருகிலுள்ள நிறை நகர்ந்ததால் புலம் மாறுவது இது. பெரிய நிலநடுக்கத்துக்கு மட்டுமே இப்போதைக்குப் பிடிபடும். இதன் பயன், நிலநடுக்கம் எவ்வளவு பெரியது என்பதைச் சில நிமிடங்களுக்குள் கணிப்பதில் இருக்கிறது.

ஆனால் ஒன்று. 2004-இல் சுமத்ராவில் நிலம் அதிர்ந்து சுமார் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் இலங்கையின் கிழக்குக் கரைக்கு அலை வந்தது. அன்று போதாமல் போனது விநாடிகள் இல்லை. செய்தியைக் கரைக்குக் கொண்டுபோகும் ஏற்பாடு இந்துமாக்கடலில் இல்லாமல் போனதுதான் கொடுமை. ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் 2007-இல்தான் வந்தது.

கொட்டியாரம்

ஓம், அந்த இரண்டு மணித்தியாலத்தை நாங்கள் இன்றைக்கும் கதைப்பது உண்டு. மறைக்காமல் சொன்னதற்கு நன்றி.

பொன்வண்டு

எல்லாருக்கும் நன்றி. மூன்று நாளாக இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நானும் மகளும் இந்த இழையைத்தான் படிக்கிறோம். தேர் வடம் அவளுக்கு உடனே பிடித்துவிட்டது, எங்கள் ஊர்த் தேரில் அவளும் வடம் பிடித்திருக்கிறாள்.

6.9 மில்லிவிநாடியில் மாட்டிக்கொண்டாள். இரண்டு கருவிக்கும் நடுவே ஒளி போக 10 மில்லிவிநாடி ஆகுமே, இது ஏன் குறைவு என்று கேட்டாள். பிறகு அவளே, அலை அந்த இரண்டையும் சேர்க்கும் கோட்டின் வழியாக வராமல் சாய்வாக வந்தால் குறையும் என்று வரைந்து காட்டினாள். சரியா சார்?

கரும்பலகை

மிகச் சரி. அந்தச் சாய்வை வைத்துத்தான் அலை வானத்தில் எந்தத் திசையிலிருந்து வந்தது என்று கணிக்கிறார்கள். இரண்டு கருவி இருந்தால் வானத்தில் ஒரு வளையம் அளவுக்குத்தான் சொல்ல முடியும். மூன்றாவது, நான்காவது கருவி சேரச் சேர அந்த வளையம் சுருங்கும். மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் லைகோ-இந்தியா வருவதற்கும் அதுதான் காரணம். 2023 ஏப்ரலில் 2,600 கோடி ரூபாய்க்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. ஹிங்கோலிக்கும் ஹான்ஃபோர்டுக்கும் அதிகபட்சமாக எத்தனை மில்லிவிநாடி வித்தியாசம் வரும் என்று அவளைக் கணக்கிடச் சொல்லுங்கள். அட்சரேகை, தீர்க்கரேகை தெரிந்தால் போதும்.

பொன்வண்டு

சார், அவளே தட்டச்சு செய்கிறாள்:

முதல் தடவை 42 மில்லிவிநாடி வந்தது. உலக உருண்டையில் நூல் பிடிச்ச மாதிரி, தரை மேலேயே தூரத்தைப் போட்டேன், 12,500 கிலோமீட்டர். அப்புறம்தான் தோணிச்சு, இந்த அலையைப் பூமி தடுக்காதே, நேரா உள்ளே புகுந்து போயிடுமே. அதனால வட்டத்தோட நாணை எடுத்தேன். 10,600 கிலோமீட்டர். விடை 35 மில்லிவிநாடி.

இரவுவானம்

நானும் போட்டுப் பார்த்தேன் தங்கம். 35 மில்லிவிநாடிதான்.